தலைவன் யார்? – இரட்சணிய யாத்திரிகம் உணர்த்தும் தாழ்மை நெறி

தமிழிற் பெருங்காப்பியம் பாடப் புகும் புலவனுக்கு மரபு இரண்டு கடமைகளை விதித்துள்ளது. ஒப்பாரும் மிக்காரும் இல்லாத தலைவன் ஒருவனைத் தேர்ந்து அவன் பெருமையைப் பாடுதல் ஒன்று; கற்றோர் அவைமுன் தன் சிறுமையைச் சொல்லி அடங்கி நிற்றல் மற்றொன்று. முன்னதைத் தண்டியலங்காரம் காப்பிய இலக்கணமாகவே வகுத்துக் கூறும். பின்னதை அவையடக்கம் என்பர். ஒன்று தலைவனை உயர்த்துவது. மற்றொன்று பாடுவோனைத் தாழ்த்துவது. இவ்விரண்டும் ஒரே நூலில் அருகருகே அமைவதில் நம் முன்னோர் யாதொரு முரணும் கண்டிலர்.

ஆயின், கிறித்தவ வாழ்வைப் பொருளாகக் கொண்டு காப்பியம் செய்வோனுக்கு இவ்விடத்தில் ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. அச்சமயத்தின் அறங்களுள் தாழ்மை அடித்தளமானது. அதுவும் ஒருநாள் காட்டி முடித்துவிடும் பணிவன்று. திருமுழுக்குப் பெற்ற நாள் தொடங்கி இறுதி மூச்சு வரை இறைவன்பால் உண்மையாய் நடந்து, அந்நடையையும் தன் திறமாக எண்ணாதிருத்தல். இத்தகைய வாழ்வைப் பாடும் நூலில் ஒப்பற்ற தலைவனை எங்ஙனம் நிறுத்துவது? 'தாழ்மையில் எனக்கு நிகர் இல்லை' என்று ஒருவன் எண்ணிய கணத்திலேயே அவனிடத்தில் தாழ்மை இல்லையாகிறது. தலைவனை உயர்த்தினால் பொருள் கெடும்; தாழ்த்தினால் காப்பியம் கெடும். இந்த இக்கட்டைத் தமிழ்க் கிறித்தவப் புலவர் இருவர் எதிர்கொண்டனர். அவருள் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை கண்ட வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வளனும் யாத்திரிகனும்

முதலில் தேம்பாவணியைச் சிறிது நோக்குவோம். இத்தாலி நாட்டில் 1680-இல் பிறந்து, தமிழகம் போந்து, தமிழராகவே வாழ்ந்து 1747-இல் மறைந்த வீரமாமுனிவர் தம் காப்பியத்திற்குத் தலைவனாகச் சூசையப்பரைத் தெரிந்துகொண்டார். வளன் எனத் தமிழ்ப் பெயரும் சூட்டினார். இத்தேர்வே வியப்பிற்குரியது. நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசையப்பர் வாய்மொழியாக ஒரு சொல்லேனும் பதிவு பெறவில்லை. அவர் தச்சர், கனவிற் கேட்ட கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர், குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் புலம்பெயர்ந்தவர். பேசாத ஒருவரைத் தலைவராக்கி 3 காண்டங்கள், 36 படலங்கள், 3,615 பாடல்கள் பாடினார் முனிவர். இறுதியில் முடிசூட்டு படலம் அமைத்து, அந்த எளிய தச்சருக்கு வானுலகில் முடியும் சூட்டினார். தாழ்ந்தவர் உயர்த்தப்படுவார் என்னும் வேதக் கருத்தையே காப்பிய வடிவமாக்கியது அவர் கண்ட வழி.

அவ்வழி மாண்புடையது, ஐயமில்லை. எனினும் வளன் குற்றமற்றவர். தொடக்கத்தில் எவ்வளவு தூயரோ முடிவிலும் அவ்வளவு தூயர். நாம் கைகூப்பி அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் அவர் நிற்கிறார். வழுக்கி விழுந்து, எழுந்து, மீண்டும் வழுக்கும் நம்மனோர்க்கு அவர் வணக்கத்திற்குரியவர். வழித்துணையாகக் கொள்ளுதற்கு அரியவர்.

கிருஷ்ணபிள்ளை வேறு வழி சென்றார். இவர் 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். இளமையிலேயே கம்பனில் தோய்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராய் இருந்தவர். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றவர். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட கதையைத் தழுவி இவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் நூலாக வெளிவந்தது. ஆதி, குமாரம், நிதானம், ஆரணியம், இரட்சணியம் என ஐந்து பருவங்களையுடைய பெருநூல் அது. அழிவிற்குரிய நகரை விட்டுப் பாவச்சுமையோடு புறப்பட்ட ஒருவன், இடுக்கமான வாயில் வழியே நுழைந்து, பற்பல இடையூறுகளைக் கடந்து, மரண ஆற்றைத் தாண்டி வானகரம் சேர்வதே கதை. இந்த யாத்திரிகன் அரசனல்லன், முனிவனல்லன், பெருவீரனும் அல்லன். சேற்றிற் புதைகிறான்; தவறான வழிகாட்டியை நம்புகிறான்; உறங்கக்கூடாத இடத்தில் உறங்கித் தன் கைச்சுருளைத் தொலைக்கிறான்; சிறைப்படுகிறான்; அழுகிறான். ஏறக்குறைய ஒவ்வோரிடத்திலும் அவனைப் பிறர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

இரட்சணிய யாத்திரிகத்திற்குக் காப்பியத் தகுதி உண்டா என வினவுவோர் முதலிற் சுட்டும் குறையும் இதுவே. இராமனைக் கண்ட தமிழுக்கு இப்படியொரு தலைவனா என்பது அவர் வினா. நான் கூற விழைவது, இக்குறையே நூலின் உயிர்நாடி என்பது.

பள்ளத்தாக்கில் நடந்த போர்

பனியனின் மூலக்கதையில் ஓரிடம் கூர்ந்து நோக்கத்தக்கது. யாத்திரிகன் மலைமேலுள்ள அழகிய அரண்மனையில் தங்குகிறான். விருந்து உண்கிறான், பழம்பெரும் வீரர்தம் படைக்கலங்களைக் காண்கிறான், தானும் கவசம் பூண்கிறான். சராசரிக் கதாசிரியன் எவனும் இதற்கடுத்து அவனை இன்னும் உயரமான சிகரத்திற்கு ஏற்றியிருப்பான். பனியனோ அவனைக் கீழே இறக்குகிறார். கவசம் பூண்டவன் சென்று சேரும் இடத்தின் பெயர் தாழ்மைப் பள்ளத்தாக்கு. ஏறுவதினும் இறங்குவது இடர்மிக்கது என்று அறிந்த அரண்மனை நங்கையர் அடிவாரம் வரை துணை வருகின்றனர். அப்படியும் அவன் ஓரிரு முறை சறுக்குகிறான்.

அப்பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்னும் பகைவன் எதிர்ப்படுகிறான். அவன் உடனே வாளை ஓங்கவில்லை. முதலில் கூலி பேசுகிறான். திரும்பி வந்தால் தருவன இவை என்கிறான். அது பலிக்காதபோது குற்றப்பட்டியலை விரிக்கிறான். நீ சேற்றில் மனம் தளர்ந்தாய். சுமையிறக்கக் குறுக்குவழி தேடினாய். உறங்கிப் பொருளைத் தொலைத்தாய். சிங்கங்களைக் கண்டு திரும்ப எண்ணினாய். உன் பயணத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் உள்ளுக்குள் வீண்புகழையே விரும்பினாய். உன் புதிய ஆண்டவனுக்கும் நீ உண்மையாய் இருந்தாயில்லை என்கிறான். இப்பட்டியலில் ஒரு சொல்லும் பொய்யன்று. பொய்க்குற்றச்சாட்டை எவரும் மறுத்துவிடலாம். மெய்யான குற்றச்சாட்டுக்கு விடை யாது?

யாத்திரிகன் தன்னை நியாயப்படுத்தவில்லை. நீ கூறியவை யாவும் மெய். நீ கூறாமல் விட்டவை இன்னும் பல. ஆயினும் என் அரசர் இரக்கமுள்ளவர் என்பதே அவன் மறுமொழியின் சாரம். இவ்விடத்திலேதான் தாழ்மையும் உண்மையுடைமையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைக் காண்கிறோம். தன் குறையை முழுதும் ஒப்புக்கொண்டவனை அச்சுறுத்தப் பகைவனிடம் வேறு கருவி இல்லை. தன் தகுதியை நம்பி நின்றவன் அத்தகுதி பொய்யெனத் தெரிந்த அன்றே ஆண்டவனை விட்டு ஓடியிருப்பான். இவன் நம்பியது ஆண்டவன் இரக்கத்தை. ஆகவே தன் சிறுமை வெளிப்பட்டும் ஓடாது நிற்கிறான்.

இதற்கு நேர்மாறான காட்சி நற்செய்தி நூல்களில் உண்டு. மற்றவர் எல்லாரும் கைவிட்டாலும் தான் கைவிடேன் என்று சூளுரைத்த பேதுரு, சேவல் கூவுமுன் மும்முறை தன் ஆண்டவனை அறியேன் என்றான். அவன் அன்பு பொய்யன்று. அவன் நம்பிய இடம் தவறு. தன் உறுதியையே அவன் நம்பினான். அழுது தேறிய பின்னரே அவன் நிலைபெற்றான். தாழ்மையில்லாத உண்மையுடைமை முதல் தீக்காயும் இடத்திலேயே முறிந்துவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஒரு சிறு புன்முறுவல்

பள்ளத்தாக்கைக் கடந்துவிட்டால் செருக்கும் ஒழிந்துவிடுமோ? இல்லை. இதனைப் பனியன் மிகச் சிறிய நிகழ்ச்சி ஒன்றால் உணர்த்துகிறார். தனக்கு முன்னே செல்லும் நிதானியைக் காண்கிறான் யாத்திரிகன். விரைந்தோடி அவனை முந்திவிடுகிறான். முந்திய களிப்பில் ஒரு புன்முறுவல் பூக்கிறான். அவ்வளவுதான், கால் தடுக்கி விழுகிறான். பின்னால் வந்த நிதானி கைகொடுக்கும்வரை அவனால் எழ இயலவில்லை. அப்பொல்லியோனை வென்றவன் ஒரு புன்முறுவலால் வீழ்ந்தான்! பெரும்பகைக்கு விழிப்பாயிருப்போர் சிறு பெருமைக்கு விழிப்பாயிருப்பதில்லை. ஆன்மிக வாழ்வில் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்று திரும்பிப் பார்த்து மகிழும் கணமே கால் இடறும் கணம் என்பது இதன் பொருள்.

நிதானி என்னும் பெயரையும் இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். உண்மையுள்ளவன் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயருக்குக் கிருஷ்ணபிள்ளை தெரிந்த சொல் இது. நிதானம் என்பது ஆரவாரமில்லாத உறுதி, அளவறிந்து நிலைநிற்றல். மாயாபுரியில் அந்த நிதானி பொய்வழக்கிற்கு உள்ளாகிக் கொலையுண்கிறான். கதைத்தலைவனோ உயிர் தப்பிச் செல்கிறான். உயிர்த்தியாகத்தின் மணிமுடி தலைவனுக்குக் கிட்டவில்லை, தோழனுக்கே கிட்டியது. காப்பியத்தின் நடுவே நிற்கும் ஒரு பருவத்திற்குப் புலவர் அத்தோழன் பெயரையே சூட்டியிருப்பது தற்செயலன்று. தன்னினும் மேலான உண்மையாளன் தன்னருகே நடந்தான் என்று தலைவனே அறியும்படி செய்வது தாழ்மைக் காப்பியத்தின் தனி இலக்கணம் எனலாம்.

ஒப்பற்ற தலைவன்

அங்ஙனமாயின் தண்டியலங்காரம் கேட்கும் ஒப்பற்ற தலைவன் இந்நூலில் எங்கே? இவ்வினாவிற்குக் கிருஷ்ணபிள்ளை தந்த விடையே அவர் புலமையின் உச்சம். பனியன் கதையில் யாத்திரிகன் சிலுவையடியை அடைகிறான், சுமை கழன்று உருள்கிறது, கதை மேற்செல்கிறது. கிருஷ்ணபிள்ளைக்கு அது போதவில்லை. மூலத்தில் இல்லாத இரட்சணிய சரித படலத்தைத் தாமே படைத்து, இயேசு பெருமான் பட்ட பாடுகளை விரித்துப் பாடினார். நூல் முழுவதிலும் உள்ளத்தை உருக்குவது அப்பகுதியே என்று கற்றோர் பலர் போற்றுவர்.

இது வெறும் இடைச்செருகல் எனக் கருதுவோர் உளர். நான் அங்ஙனம் கருதவில்லை. சீடர்தம் காலைக் கழுவியவர், அடியுண்டும் வாய் திறவாதவர், தம்மைக் கொல்வோர்க்காக வேண்டியவர் ஒருவரே தாழ்மையில் ஒப்பற்றவர். அவரை நடுவில் நிறுத்தியபின் யாத்திரிகன் தலைவன் என்னும் சுமையிலிருந்து விடுதலை பெறுகிறான். அவன் தொண்டன், பின்செல்பவன். அவன் விழலாம், அழலாம், பிறர் கையைப் பற்றி எழலாம். காப்பியத்தின் பெருமைக்கு இழுக்கு நேராது. ஏனெனில் அப்பெருமை அவனைச் சார்ந்ததன்று. தலைவனை உயர்த்தினால் பொருள் கெடும் என்று தொடக்கத்திற் கண்ட இக்கட்டு இங்ஙனம் அவிழ்கிறது. உயர்ந்தவரே தாழ்ந்தார், ஆதலால் அவரைப் பாடுவதும் தாழ்மையைப் பாடுவதும் ஒன்றாயின.

உயர்ந்த நடையும் தாழ்ந்த நெஞ்சும்

இனி ஒரு தடையை நேர்மையாக எழுப்பியாக வேண்டும். பனியன் பாத்திரங்களுக்கு ஓட்டை அடைக்கும் தொழிலாளி. நற்செய்தியை உரைத்ததற்காகப் பெட்போர்டு சிறையில் 12 ஆண்டுகள் கிடந்தவர். சந்தையிலும் அடுப்பங்கரையிலும் புழங்கும் மொழியில் அவர் எழுதினார். கிருஷ்ணபிள்ளையோ கம்பன் நடையில் பாடினார். அணிகள் அடுக்கி வருகின்றன. வடசொற்கள் நிரம்பி வழிகின்றன. உரையின்றிப் பொருள் காண இயலாத பாடல்கள் பல. தாழ்மையைப் பாட இத்தனை ஆடம்பரம் எதற்கு? பாடுபவர் தம் புலமையை மறந்தாரா, காட்டினாரா?

சிற்சில இடங்களில் காட்டினார் என்றே சொல்லத் தோன்றுகிறது. வருணனைக்காகவே வருணனை நீளும் பகுதிகளில் யாத்திரிகன் நிற்கிறான். புலவர் மட்டும் நடக்கிறார். பள்ளத்தாக்கைப் பாடவேண்டிய நாவு மலையுச்சியை விட்டு இறங்க மறுக்கிறது. இது குறையே, மறைப்பதிற் பயனில்லை.

ஆயினும் அந்நூலுக்குள்ளேயே இக்குறைக்கு மருந்தும் இருக்கிறது. கதையின் இடையிடையே கிருஷ்ணபிள்ளை தேவாரங்களை அமைத்துள்ளார். நாயன்மார் பாடல்களுக்கு வழங்கிய பெயரையே தம் கிறித்தவப் பாக்களுக்கும் இட்டுக்கொண்டார். காப்பிய நடையின் பகட்டு அங்கே கழன்று விழுகிறது. சொற்கள் எளியனவாகின்றன. கதை சொல்லும் புலவர் மறைந்து, இறைவன் திருமுன் கையேந்தும் ஏழை தோன்றுகிறார். கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்று இத்தேவாரங்களைக் குறைகூறுவோரும் உண்டு. தடுக்கின்றன என்பது மெய். அத்தடுப்பே அவற்றின் பணி. அவையடக்கம் நூலின் வாயிலில் ஒருமுறை சொல்லி விடப்படுவது. அதனைச் சொல்லிய புலவன் அதன்பின் தலைநிமிர்ந்து பாடலாம். தேவாரமோ வழிநெடுகிலும் திரும்பத் திரும்ப வருகிறது. நூலின் முகப்பில் நின்ற அடக்கத்தை நூலின் உடல் முழுதும் பரப்பிவிட்டார் கிருஷ்ணபிள்ளை. உயரப் பறந்த நடை அடிக்கடி இறங்கிவந்து மண்டியிடுகிறது. வாழ்நாள் முழுதும் காக்கவேண்டிய தாழ்மைக்கு இலக்கிய வடிவம் கொடுக்க இதனினும் பொருத்தமான வழி இருப்பதாக நான் கருதவில்லை.

ஆற்றங்கரை

பயணத்தின் கடைசிக் கட்டம் ஆறு. பாலம் இல்லை. இத்தனை ஆண்டு நடந்து தேர்ந்தவன் இவ்வாற்றைத் தலைநிமிர்ந்து கடப்பான் என எதிர்பார்க்கிறோம். நிகழ்வது வேறு. மூலக்கதையில் யாத்திரிகன் நீரில் இறங்கியதும் அஞ்சுகிறான், மூழ்கத் தொடங்குகிறான், பழைய பாவங்கள் நினைவில் எழுந்து அவனை வதைக்கின்றன. அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடிப்பவன் நம்பிக்கை என்னும் தோழன். இத்தோழன் பாதிவழியில், நிதானியின் மரணத்தைக் கண்டபின், வந்து சேர்ந்தவன், பயணத்தில் இளையவன். முன்னே புறப்பட்டவனைப் பின்னே வந்தவன் தாங்குகிறான். நெடுங்காலம் இறைவழியில் நடந்தோர்க்கு வரும் இறுதிச் சோதனை இதுவே போலும்: தன்னினும் இளையவன் கையைப் பற்றிக்கொள்ள இசைதல்.

அதே ஆற்றை இன்னொருவன் எளிதாகக் கடக்கிறான். அறியாமை என்னும் பெயருடைய அவன், வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் உதவியால் கால் நனையாமல் அக்கரை சேர்கிறான். ஐயமோ அச்சமோ சிறிதும் இன்றி வாயிலைத் தட்டுகிறான். தன் நற்செயல்களே போதும் என்பது அவன் எண்ணம். வாயில் அவனுக்குத் திறக்கவில்லை. வானகர வாயிலிலிருந்தே நரகத்திற்கும் ஒரு வழி உண்டு என்னும் நடுக்கத்தோடு பனியன் தம் கனவை முடிக்கிறார். அஞ்சி மூழ்கியவன் உள்ளே இருக்கிறான். அஞ்சாது கடந்தவன் வெளியே நிற்கிறான். தாழ்மைக்கு வழியின் நடுவில் ஓய்வில்லை, முடிவிலும் ஓய்வில்லை.

பரதேசிகளாகிய நாம்

பனியன் கதை கிருஷ்ணபிள்ளையின் செய்யுளாக மட்டும் தமிழில் வழங்கவில்லை. மோட்சப் பிரயாணம் என்னும் உரைநடையாகவும் தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் நெடுங்காலம் படிக்கப்பட்டு வருகிறது. அங்கே யாத்திரிகனைக் குறிக்கப் பரதேசி என்னும் சொல் வழங்கும். இன்று அச்சொல்லை வசையாகவே கேட்கிறோம். அதன் நேர்ப்பொருள் வேற்றுநாட்டான் என்பதுதான். பிழைப்பு நாடி வடபுலம் வந்து, பிறமொழி பேசும் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியேறி, பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் மட்டும் தமிழ் ஊட்டும் நமக்கு இச்சொல்லின் பொருளை அகராதி பார்த்து அறியவேண்டிய தேவையில்லை.

புலம்பெயர்ந்தோர்க்கு இரு பெருஞ்சோதனைகள் உண்டு. வந்த புதிதில், எவரும் நம்மை அறியாத ஊரில், கொண்டுவந்த உண்மையை விட்டுவிடலாம் என்பது ஒன்று. காலூன்றிய பின்னர், எல்லாம் என் உழைப்பால் வந்தது என்று பின்னால் வருவோரை ஏளனமாய் நோக்குவது மற்றொன்று. முன்னது மாயாபுரிச் சந்தை. பின்னது முந்திச் சென்றவன் பூத்த புன்முறுவல். ஊரிலிருந்து பெட்டியோடு நிலையத்தில் வந்திறங்கிய நாளில் நமக்கு இடம் காட்டிய கை ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். அக்கையை மறவாதிருத்தல் தாழ்மையின் தொடக்கம். நம்மினும் இளையவர் நீட்டும் கையை நாளை மறுக்காதிருத்தல் அதன் நிறைவு.

கிறித்தவர் இந்நூலைத் தம் மறையின் விளக்கமாகப் படிப்பர். ஏனையோர் கம்பன் மரபில் வந்த செய்யுட் செல்வமாகப் படிப்பர். எவ்வாறு படிப்பினும் ஒன்று மட்டும் விளங்கும். தலைவன் ஆகவேண்டும் என்னும் ஆசையை இறக்கி வைத்தவனே இந்தக் காப்பியத்தில் வழி நடக்கிறான். கிருஷ்ணபிள்ளை தம் நூல் வெளிவந்த ஆறாம் ஆண்டில், 1900-இல், தாமும் அவ்வாற்றைக் கடந்தார். கிறித்தவக் கம்பர் எனத் தமிழுலகம் அவருக்குப் பட்டம் சூட்டி மகிழ்கிறது. அவருடைய தேவாரங்களிற் பேசும் குரலோ எந்தப் பட்டத்தையும் கேட்கவில்லை. இரக்கத்தை மட்டுமே கேட்கிறது. நம் சங்க நூலகங்களில் அந்நூல் கிடைக்குமாயின், காப்பியப் பகுதியின் கடுமைக்கு அஞ்சாமல், முதலில் அத்தேவாரங்களை எடுத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எஞ்சிய வழியை அவையே காட்டும்.